வேலியோரச் செடியும் நெஞ்சுத் துடிப்பும்

"வேற ஏதும் மருந்து குடிக்கிறனீங்களோ, அம்மா?"

வார்டில் இளம் டொக்டர் இப்படிக் கேட்டபோது பெரியம்மா தலையாட்டி, "இல்லைப் பிள்ளை, ஒண்டும் இல்லை" என்றார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. இரண்டு மாதமாகக் காலையும் பின்னேரமும் அதிமதுரம் அவித்துக் குடித்துக்கொண்டிருந்தார், ஆனால் அவருடைய கணக்கில் அது மருந்துக்குள் வரவில்லை. இரண்டு நாள் கழித்து ஓர் இரவு வீட்டுக்குப் போய்க் குசினித் தட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. திரும்பி வந்து கேட்டேன். "அது மருந்தில்லைத்தானே, வேர்தானே" என்றார்.

பெரியம்மாவுக்கு 74 வயது. நெஞ்சுத் துடிப்பு ஒழுங்கில்லை என்று சில வருடங்களாக டிஜொக்சின் குளிசை எடுக்கிறார். கால் வீக்கத்துக்குச் சலம் போக்கும் குளிசையும் உண்டு. மாரி தொடங்கியதும் தொண்டை கரகரத்தது. அதிமதுரம் நல்லது என்று யாரோ சொல்ல, தொடங்கிவிட்டார். கொஞ்ச நாளில் பசி போனது. பிறகு சத்தி. எழும்பி நடக்கவே களைப்பு. "லைற்றைச் சுத்தி மஞ்சளாத் தெரியுது" என்று ஒருநாள் சொன்னபோது, கண்ணில் ஏதோ படர்கிறது என்று நினைத்துவிட்டோம். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது நாடி நிமிடத்துக்கு 42தான் இருந்தது. இரத்தத்தில் பொற்றாசியம் 2.7. அது 3.5க்கும் 5க்கும் இடையில் இருக்க வேண்டும்.

ஒரு வேர் எப்படி நெஞ்சை இந்த நிலைக்குக் கொண்டுவரும்? இதை விளங்கிக்கொள்ள முதலில் அந்த டிஜொக்சின் குளிசையின் பழைய கதைக்குப் போக வேண்டும். அதுவும் ஒரு காலத்தில் நாட்டு மருந்தாக இருந்ததுதான்.

1775இல் இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற மருத்துவரிடம் ஒரு குடும்பத்தின் கைமருந்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்டார்கள். ஷ்ரொப்ஷயர் பக்கத்தில் ஒரு மூதாட்டி, உடம்பு வீங்கிய நோயாளருக்கு இரகசியமாகக் கொடுத்துவந்த மருந்து அது. மற்ற வைத்தியர்கள் கைவிட்ட சிலரும் அதனால் எழும்பி நடந்திருக்கிறார்கள். அதில் இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. வேலை செய்வது ஃபொக்ஸ்குளோவ் என்ற ஒரு செடியின் இலைதான் என்று விதரிங் பிடித்துவிட்டார். அப்புறம் பத்து வருடம் அந்த இலையை நோயாளருக்குக் கொடுத்து, நடந்ததையெல்லாம் குறித்து, 1785இல் நூலாக வெளியிட்டார். குணமானவர்களைப் பற்றி மட்டும் அவர் எழுதவில்லை. அளவு மீறினால் சத்தி, வயிற்றோட்டம், தலைச்சுற்று வரும், பொருட்கள் பச்சையாகவும் மஞ்சளாகவும் தெரியும், நாடி நிமிடத்துக்கு 35 வரைக்கும் இறங்கும், மயக்கமும் மரணமும் வரும் என்று வரிசையாக எழுதி வைத்தார். பெரியம்மா லைற்றைச் சுற்றிக் கண்ட மஞ்சள் அன்றைக்கே எழுதப்பட்டிருக்கிறது.

அந்தச் செடியின் இன்னொரு இனத்திலிருந்து 1930இல் பிரித்தெடுத்த பொருள்தான் டிஜொக்சின். இப்போது அது 0.25 மில்லிகிராம், அதைவிடவும் குறைந்த அளவுகளில் குளிசையாக வருகிறது. இரத்தத்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 0.5 முதல் 0.9 நனோகிராம் வரை இருந்தால் போதும். 2ஐத் தாண்டினால் நஞ்சின் குணம் தலைகாட்டத் தொடங்கும். ஒரு கிராமை நூறு கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு நனோகிராம். மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவில் உள்ள இடைவெளி அவ்வளவு ஒடுங்கியது. குளிசையில் அளவு அச்சிட்டிருக்கும். இலையிலோ வேரிலோ விதையிலோ அப்படி ஒன்றும் இருக்காது. ஒரே செடியில் இளம் இலைக்கும் முற்றின இலைக்கும், மாரிக்கும் கோடைக்கும், ஒரு வளவுக்கும் அடுத்த வளவுக்கும் சரக்கின் வலு மாறும்.

சரி, இந்தப் பொருள் நெஞ்சுக்குள் என்ன செய்கிறது?

கடலில் ஓடும் பழைய மர வள்ளம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கசிந்து வரும் தண்ணீரை ஒருவர் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அது மிதக்கும். இதயத் தசையின் ஒவ்வொரு கலத்திலும் இப்படித்தான் சோடியம் உள்ளே கசிந்துகொண்டே இருக்கிறது. கலத்தின் சவ்வில் இருக்கும் ஒரு பம்பு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொற்றாசியத்தை உள்ளே எடுக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கூ இந்தப் பம்பை நண்டின் நரம்பில் கண்டு 1957இல் வெளியிட்டார், 1997இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். டிஜொக்சினும் அதன் உறவுப் பொருட்களும் இந்தப் பம்பில் போய் ஒட்டிக்கொண்டு அதை நிறுத்துகின்றன.

பம்பு கொஞ்சம் தளர்ந்தால் உள்ளே சோடியம் ஏறும். அதே சவ்வில் இன்னொரு வாசல் இருக்கிறது. வெளியிலிருந்து சோடியத்தை உள்ளே விட்டு, பதிலுக்குக் கல்சியத்தை வெளியேற்றும் வாசல் அது. உள்ளே ஏற்கெனவே சோடியம் கூடியிருப்பதால் அந்த மாற்று ஒழுங்காக நடக்காது, கல்சியம் உள்ளேயே தங்கும். தசை சுருங்குவதற்குக் கல்சியம்தான் தேவை என்பதால் களைத்த நெஞ்சு பலமாக அடிக்கத் தொடங்குகிறது. மருந்தாக வேலை செய்வது இதுதான். பம்பு இன்னும் தளர்ந்தால் கல்சியம் அளவுக்கு மீறிச் சேர்ந்து, அடிக்கக்கூடாத நேரத்திலெல்லாம் தசை தானாக அடிக்கத் துடிக்கும். அதே நேரத்தில், மூளையிலிருந்து வந்து நெஞ்சுத் துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் வழியாக, மேல் அறைகளிலிருந்து கீழ் அறைகளுக்குப் போகும் மின் செய்தியும் மந்தமாகிவிடும், சிலவேளை முற்றாக மறிபடும். ஒரு பக்கம் அளவு மீறிய துடிப்பு, மறுபக்கம் துடிப்பே நின்றுபோகும் ஆபத்து. இரண்டும் ஒரே நெஞ்சில் ஒரே நேரத்தில் நடக்கும்போது ஈசிஜி தாளைப் பார்க்கிற டொக்டர்களுக்கே நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

இப்போது நம்முடைய ஒழுங்கைகளுக்கு வருவோம். ஃபொக்ஸ்குளோவ் யாழ்ப்பாணத்தில் வளர்வதில்லை. ஆனால் அதே வேலையைச் செய்யும் பொருட்கள் நிறைந்த செடிகள் நம் வேலிகளில் நிற்கின்றன.

முதலாவது மஞ்சள் அலரி. தமிழ்நாட்டில் பொன்னரளி என்பார்கள். அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப நாடுகளிலிருந்து வந்து இங்கே சொந்தமாகிவிட்ட மரம். ஆடு மாடு கடிக்காது, தண்ணீர் ஊற்றத் தேவையில்லை, சாமிக்குப் பூவும் கிடைக்கும். வேலிக்கு வேறென்ன வேண்டும்? ஆடு கடிக்காததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதன் பாலிலும் இலையிலும் விதையிலும் தெவெற்றின், பெருவோசைட் முதலான, டிஜொக்சினுக்கு உறவான பொருட்கள் நிறைந்திருக்கின்றன. இவற்றில் சிலவற்றை இதய நோய்க்கு மருந்தாகவும் முன்பு பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இந்த மரத்தோடு எங்கள் ஊருக்கு இருக்கும் துயரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை இங்கே விரிக்க நான் விரும்பவில்லை. யாழ்ப்பாணத்தில் இந்த நஞ்சுக்கு ஆளான 170 பேரை ஆராய்ந்து இங்குள்ள மருத்துவர்கள் 1988இல் வெளியிட்ட கட்டுரையை உலகமெங்கும் நஞ்சியல் படிப்பவர்கள் இன்றைக்கும் எடுத்துக் காட்டுகிறார்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அலரியை யாராவது மருந்தென்று சாப்பிடுவார்களா என்று கேட்கலாம். சாப்பிட்டிருக்கிறார்கள், அதுவும் அமெரிக்காவில். மெக்சிக்கோவின் தெஹொகோதே என்ற மரத்தின் வேர் உடம்பைக் குறைக்கும் என்று இணையத்தில் விற்றார்கள். ஒரு சிறு குழந்தை அதை விழுங்கிவிட, நாடி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெயரில் விற்கும் 10 பொருட்களை வாங்கிச் சோதித்தார்கள். அவற்றில் 9இல் இருந்தது தெஹொகோதே வேர் இல்லை, மஞ்சள் அலரி. 2023இல் இது வெளிவந்தது. எங்கள் வேலியில் நின்றால் சின்னப் பிள்ளையும் தொடாத மரம், போத்தலில் அடைத்து வேறு பெயர் ஒட்டி 'இயற்கை' என்று எழுதினால் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. உடம்பைக் குறைக்க, சீனியைக் குறைக்க என்று பெயரில்லாத தூள்களை வாங்கி நீங்கள் விழுங்குவதற்கு முன் இந்த ஒன்பது போத்தல்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

அலரி நஞ்சுக்கு ஒரு மாற்று மருந்து உண்டு. டிஜொக்சினைப் பிடித்துக் கட்டிவைப்பதற்காகச் செம்மறி ஆட்டில் உருவாக்கிய எதிர்ப்பொருள் அது. இரண்டு பொருட்களின் உருவமும் ஒத்திருப்பதால் அலரியின் நஞ்சையும் அது பிடிக்கும். இலங்கையில் நோயாளரிடம் பரீட்சித்து, பயன் தருகிறது என்று 2000இல் வெளியிட்டார்கள். ஆனால் விலை நாட்டுக்கு எட்டவில்லை. 2002இல் வாங்க முடியாமல் போனபோது இறப்பு வீதம் கூடியது. மருந்து இருக்கிறது என்று தெரிந்தும் வாங்க வழியில்லாமல் உயிர் போவதை என்னால் சாதாரணமாக எழுதிக் கடக்க முடியவில்லை. அந்த மருந்து இல்லாத இடத்தில் கரித்தூள் கரைசல், நாடியை ஏற்றும் அற்றோப்பின் ஊசி, தற்காலிக பேஸ்மேக்கர், விடிய விடிய மொனிற்றரைப் பார்த்தபடி ஒரு தாதி என்று பாடுபட்டுத்தான் ஆளைக் காப்பாற்றுகிறார்கள்.

எருக்கலையும் இந்தக் குடும்பத்து வேலையைத்தான் செய்கிறது. குதிக்கால் வலிக்கு எருக்கலை இலையைச் சூடாக்கி வைத்து ஒத்தடம் கொடுக்காத வீடு இங்கே குறைவு. வெளியே வைக்கும்வரை, பால் கண்ணில் படாதவரை, அதில் பெரிய பிழை இல்லை. அவித்துக் குடிக்கச் சொன்னால்தான் வில்லங்கம். எருக்கலை இலையைத் திருப்பிப் பார்த்தால் கறுப்பு, மஞ்சள் வரி போட்ட மயிர்க்கொட்டி போன்ற ஒரு புழு ஆறுதலாக இருந்து தின்பதைக் காணலாம். பின்னால் அது செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியாகும். செடியின் நஞ்சை அது உடம்பில் சேர்த்து வைத்திருப்பதால் குருவிகள் அதைத் தீண்டுவதில்லை. அதன் அமெரிக்க உறவான மொனார்க் வண்ணத்துப்பூச்சியில், நான் மேலே சொன்ன அந்தப் பம்பு சில அமினோ அமிலங்கள் மாறி அமைந்திருக்கிறது. அதனால் நஞ்சு அதில் போய் ஒட்டுவதில்லை. நமக்கு அந்த வசதி இல்லை.

நாபியின் வழி வேறு. வச்சநாபி இமயமலைப் பக்கத்தில் விளைந்து, காய்ந்த கிழங்காகச் சரக்குக் கடைக்கு வருகிறது. காய்ச்சலுக்கும் வாதநோவுக்கும் சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. இதிலுள்ள அக்கொனிற்றின் பம்பைத் தொடுவதில்லை. சோடியம் உள்ளே வரும் கதவைத் திறந்தபடி பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கணம் திறந்து மூட வேண்டிய கதவு அது. மூடாமல் நின்றால் இதயத்தின் கீழ் அறைகள் கட்டுக்கடங்காமல் துடிக்கும், இரத்தம் மூளைக்குப் போகாது. முதல் அறிகுறி உதட்டிலும் நாக்கிலும் வரும் விறைப்பும் ஊசி குத்துவது போன்ற கூச்சமும்தான். சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் அது தொடங்கும். மருந்து குடித்தபின் வாய் விறைத்தால் "மருந்து வேலை செய்யுது" என்று பேசாமல் இருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். அக்கொனிற்றினுக்கு என்று தனி மாற்று மருந்து கிடையாது.

இதையெல்லாம் பழைய வைத்தியர்கள் அறியாமலா நாபியைக் கொடுத்தார்கள்? நன்றாக அறிந்தே கொடுத்தார்கள். சுத்தி செய்யாமல் நாபியைத் தொடக்கூடாது என்பது அவர்கள் விதி. கோமூத்திரத்தில் அல்லது பாலில் நாட்கணக்கில் ஊறவைப்பது, அவிப்பது, வெயிலில் காயவிடுவது எல்லாம் அதற்குள் அடங்கும். இரசாயனத்தின் கண்ணால் பார்த்தால் அதன் பொருள் விளங்கும். நீரும் சூடும் சேர்ந்து அக்கொனிற்றினில் உள்ள எஸ்ரர் என்ற இரசாயனப் பிணைப்புகளை உடைக்கின்றன, மிஞ்சுவது நஞ்சு பல மடங்கு குறைந்த பொருள். சுத்தி என்பது சடங்கு இல்லை, அது ஒரு இரசாயன வேலை. ஒரு நாள் குறைத்து ஊறவைத்தால், கிழங்கைப் பெரிய துண்டாக வெட்டினால், அவசரத்தில் அவிப்பதைச் சுருக்கினால் வேலை அரைகுறையாக முடியும். பார்வைக்கு, சரியாகச் சுத்தி செய்த கிழங்கும் அரைகுறையாகச் செய்த கிழங்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கார்த்திகைப் பூவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பூவுக்கு எங்கள் மனத்தில் உள்ள இடம் தெரிந்ததுதான். அதன் கிழங்கு, வத்தாளங்கிழங்கு என்று நினைத்து அவித்துச் சாப்பிடும் அளவுக்குத் தோற்றத்தில் ஏமாற்றும். அதில் உள்ள கொல்ச்சிசின் கலங்கள் பிரிவதையே நிறுத்திவிடும். முதல் நாள் சத்தியும் வயிற்றோட்டமும் வரும், பிறகு ஒன்றன்பின் ஒன்றாக உறுப்புகள் சோரும், இதயத் தசையும் அதில் அடங்கும். தப்பியவர்களுக்குக்கூட ஓரிரு கிழமையில் தலைமயிர் கொட்டிவிடும். இதே கொல்ச்சிசினை நாளுக்கு 0.5 மில்லிகிராம் என்ற அளவில், மாரடைப்பைத் தடுக்கும் மருந்தாக அமெரிக்கா 2023இல் அனுமதித்தது. தமிழ்நாட்டில் இதன் விதைக்காகவே செடியைத் தோட்டம் போட்டுப் பயிரிடுகிறார்கள்.

இனிப் பெரியம்மாவின் அதிமதுரத்துக்கு வரலாம். அலரியையும் நாபியையும் போல அதிமதுரம் நேரே நெஞ்சைத் தாக்கும் நஞ்சு இல்லை. மூன்று நாள் இருமலுக்குக் குடித்தால் பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நாட்கணக்கில் குடிக்கும்போது அதன் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின், சிறுநீரகத்தில் ஒரு நொதியத்தை முடக்கிவிடுகிறது. கோர்ட்டிசோல் என்ற ஓமோன் அங்கே போய் உப்பைப் பிடித்துவைக்காமல் தடுப்பது அந்த நொதியத்தின் வேலை. அது முடங்கியதும் உப்பும் தண்ணீரும் உடம்பில் தங்கும், பிறசர் ஏறும், பொற்றாசியம் சலத்தோடு போகும். பெரியம்மா குடித்த சலக் குளிசையும் பொற்றாசியத்தைப் போக்குவதுதான். ஆக இரண்டு பக்கத்தாலும் போனது.

பொற்றாசியமும் டிஜொக்சினும் அந்தப் பம்பில் ஒரே கதிரைக்குப் போட்டி போடுபவை. பொற்றாசியம் குறைந்தால் கதிரை காலி, டிஜொக்சின் போய்க் குந்திவிடும். பெரியம்மா குளிசையைக் கூட்டவே இல்லை. வழக்கமாக எடுத்த அதே அரைக் குளிசைதான் அன்றைக்கு நஞ்சாகிவிட்டது. டிஜொக்சினை நிறுத்தி, பொற்றாசியம் கொடுத்து, ஐந்து நாள் பார்த்து வீட்டுக்கு விட்டார்கள். வேரைப் பற்றி முதல் நாளே சொல்லியிருந்தால் காரணத்தைத் தேடிய இரண்டு நாள் மிஞ்சியிருக்கும்.

தமிழ் மருந்தை விட்டுவிடுங்கள் என்று நான் எழுதவில்லை. கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் ஆடாதோடையும் எங்கள் வீட்டில் இன்றும் அவிகிறது. பரராசசேகரம், செகராசசேகரம் என்று அரசர்கள் காலத்திலேயே வைத்திய நூல் தொகுத்த ஊர் இது. கைதடியில் பல்கலைக்கழகமே சித்த மருத்துவம் படிப்பிக்கிறது. என் பயம் மருந்தைப் பற்றியது இல்லை, வைத்தியரிடமிருந்து பிரிந்துபோன மருந்தைப் பற்றியது. எங்கள் அப்பாச்சி காலத்துப் பரியாரியார் மருந்தைக் கொடுத்துவிட்டு மறுநாள் வருவார். திண்ணையில் இருந்து கையைப் பிடித்து நாடி பார்ப்பார். பத்தியம் காத்தீர்களா, என்ன சாப்பிட்டீர்கள், வேறு என்ன குடித்தீர்கள் என்று குடைந்து கேட்பார். இதயத்தைத் தாக்கும் நஞ்சு நாடியில் சீக்கிரமே தன்னைக் காட்டிவிடும். விதரிங் எழுதிய 35ஐ, பெரியம்மாவின் 42ஐ, மணிக்கட்டைப் பிடித்த விரல் கண்டுபிடிக்கும். வட்ஸ்அப்பில் வரும் கசாயச் செய்முறை யாருடைய கையையும் பிடித்துப் பார்ப்பதில்லை.

மருந்து குடித்தபின் தொடர்ந்து சத்தி எடுத்தால், வாய் விறைத்தால், நெஞ்சு படபடத்தால் அல்லது துடிப்பு விட்டுவிட்டு வந்தால், கண் இருட்டினால், வீட்டில் மோர் கொடுத்துப் பார்ப்பது, உப்புத்தண்ணீர் பருக்கிச் சத்தி எடுக்கவைப்பது என்று நேரத்தைப் போக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் அம்புலன்ஸ் வரும். மிஞ்சிய தூள், வேர், இலை, போத்தல் எது இருந்தாலும் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். டொக்டர் ஏசுவார் என்று ஒளிக்க வேண்டாம். ஏசினாலும் பரவாயில்லை, அவருக்குத் தெரிந்தாக வேண்டும். சில செடிகளின் பொருள், டிஜொக்சின் சோதனையில் டிஜொக்சின் மாதிரியே காட்டும். டிஜொக்சினே எடுக்காத ஆளின் இரத்தத்தில் டிஜொக்சின் வந்தால், செடியின் பெயரைச் சொல்ல ஆள் இல்லாதபோது அவர் எங்கே போய்த் தேடுவார்?

கேட்கிறவர்களும் கேள்வியைக் கொஞ்சம் மாற்றலாம். 'மருந்து குடிக்கிறனீங்களோ' என்று கேட்டால் பெரியம்மா போன்றவர்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள், மனமறிந்து உண்மையாகத்தான் சொல்வார்கள். 'என்ன அவித்துக் குடிக்கிறனீங்கள்' என்று கேட்டிருந்தால் அன்றைக்கே வாயைத் திறந்திருப்பார்.

பெரியம்மாவின் கிளினிக் கொப்பியில் கடைசிப் பக்கத்தை இப்போது இதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம். முதல் வரி என் கையெழுத்தில் இருக்கிறது: 'அதிமதுரம், நாளுக்கு இரண்டு தரம், இரண்டு மாதம். நிறுத்தியாச்சு.' அதற்குக் கீழே போன மாதம் பெரியம்மாவே எழுதியிருக்கிறார், நடுங்கிய எழுத்தில்: 'முடக்கொத்தான் ரசம், சனிக்கிழமை மட்டும். கேட்க வேணும்.'